கசுகாவின் மூக்கு: ‘அக்கு நோ ஹானா’ ஏன் முதல் நாளே பலரை விரட்டியது

2013 ஏப்ரலில் ‘அக்கு நோ ஹானா’ (தீமையின் மலர்கள்) என்ற அனிமேயின், அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடரின், முதல் எபிசோடைப் போட்டுவிட்டுப் பன்னிரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினேன். கதை பிடிக்காமல் இல்லை. கதை இன்னும் தொடங்கவே இல்லை. மூக்குதான் காரணம். அனிமே பார்த்துப் பழகியவர்களுக்கு மூக்கு என்றால் ஒரு சின்னக் கோடு, சில சமயம் வெறும் புள்ளி. இங்கே மூக்குக்கு எலும்பு இருந்தது. பக்கத்தில் நிழல் விழுந்தது. கதையின் நாயகனான பையன் தலையைத் திருப்பினால் அந்த நிழலும் அசைந்து அசைந்து கூடவே வந்தது. அப்புறம் அவன் தெருவின் அந்தக் கோடிக்குப் போனான். அங்கே அவன் முகத்தில் கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லை. வெறும் தோல். கையும் காலும் மட்டும் நிஜ மனிதன் மாதிரி வீசி வீசிப் போகின்றன. இதென்ன, பாதி வரைந்துவிட்டு மீதியை மறந்துவிட்டார்களா என்று தோன்றியது.

எனக்கு மட்டும் இல்லை. அந்த வாரம் அதைப் பார்த்த பலர் வாயில் வந்தது ‘அசிங்கம்’ என்ற ஒரே சொல்தான். மூலக்கதையான மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) ஏற்கெனவே வாசித்திருந்தவர்களுக்குக் கோபமே வந்தது. தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை யாரோ கடத்திக்கொண்டுபோய் வேறு ஆட்களை அனுப்பிவைத்தது போல அவர்கள் பேசினார்கள். வழக்கத்துக்கு மாறான அசைவூட்டத்தோடு ஒரு புதுத் தொடர் வரும்போது முதல் பார்வை என்ன பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது என்று ஆராய இதைவிடத் தோதான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் உணர்ந்தது சரி. அந்த அருவருப்பு வர வேண்டும் என்றுதான் அதைச் செய்திருந்தார்கள். வந்த உணர்ச்சியைக் கையோடு தீர்ப்பாக எழுதிக்கொண்டதில்தான் கோளாறு.

கதை, ஊர், இயக்குநர்

மூலக்கதை ஷுசோ ஒஷிமியின் மங்கா. கோடன்ஷா நிறுவனத்தின் ‘பெஸ்ஸாட்சு ஷோனென் மகஸின்’ மாத இதழில் 2009-ல் தொடங்கி, 2014-ல் 11 தொகுதிகளோடு முடிந்தது. அதே இதழில் அதே ஆண்டு தொடங்கிய இன்னொரு மங்காதான் ‘அட்டாக் ஆன் டைட்டன்’. இரண்டும் அனிமேயாக வந்ததும் ஒரே மாதம், 2013 ஏப்ரல். ஒன்று சுவர்களுக்கு மேல் பறந்து பறந்து உலகத்தையே கட்டிப்போட்டது. இன்னொன்றில் ஒரு பள்ளிப் பையன் தெருவில் மெதுவாக நடந்துகொண்டிருந்தான். பார்ப்பவர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பையன் பெயர் கசுகா தகாவோ. நடுநிலைப் பள்ளி மாணவன். பிரெஞ்சுக் கவி போதலேரின் ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஊரில் இதை வாசிப்பவன் நான் ஒருவன்தான் என்று உள்ளுக்குள் பெருமைப்படுகிறவன். வகுப்பில் சாயெகி நானாகோ என்ற பெண்ணைத் தேவதையாகப் பூஜிக்கிறான். ஒரு மாலை, மறந்துவிட்ட புத்தகத்தை எடுக்கத் திரும்பி வந்தவன், ஆளில்லாத வகுப்பறையில் சாயெகியின் பி.டி. உடைப் பை கிடப்பதைப் பார்க்கிறான். யோசிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். பின்வரிசையில் உட்காரும் நகாமுரா சாவா அதைப் பார்த்துவிடுகிறாள். வாத்தியாரையே ‘குசோமுஷி’, அதாவது மலப்புழு, என்று திட்டுகிறவள் அவள். ஊருக்குச் சொல்லாமல் இருக்க அவனோடு ஓர் ஒப்பந்தம் போடுகிறாள். கதை அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகிறது.

ஊர் கிர்யூ; குன்மா மாகாணத்தில் இருக்கிறது, ஒஷிமியின் சொந்த ஊர். மேற்கே நிஷிஜின், கிழக்கே கிர்யூ என்று ஜப்பானில் ஒரு பேச்சு உண்டு. பட்டு நெசவில் அவ்வளவு பேர்பெற்ற ஊர். நம் பக்கத்தில் காஞ்சிபுரம் என்றதும் வரும் நினைப்பு மாதிரி. கதையில் வரும் கிர்யூவிலோ பட்டின் பளபளப்பு கிடையாது. துருப்பிடித்த இரும்புக் கதவு, காலியான கடைத்தெரு, சுற்றிலும் மலை. அந்த மலைக்கு ‘அந்தப் பக்கம்’ போகவேண்டும் என்பதுதான் நகாமுராவின் ஒரே வெறி. அனிமேயின் தொடக்கப் பாடலுக்கு நான்கு வடிவங்கள் உண்டு. மூன்று அந்த மூன்று பேரின் பெயரில். நான்காவது ‘குன்மா மாகாணம், கிர்யூ நகரம்’ என்று ஊரின் பெயரில். நாலாவது பாத்திரமாக ஊரையே சேர்த்துக்கொண்ட தொடர் இது.

இயக்கியவர் ஹிரோஷி நகஹாமா, நிறுவனம் ஸெக்ஸ்சிஸ். நகஹாமா என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது 2005-ல் வந்த ‘முஷிஷி’. காடு, மூடுபனி, பச்சை நிறத்தில் ஆயிரம் சாயல்கள். அதைச் செய்த கை இதைச் செய்யுமா என்ற அதிர்ச்சியும் முதல் பார்வையில் கலந்திருந்தது. இந்த மங்காவை நடிகர்களை வைத்துப் படமாக எடுப்பதுதான் பொருத்தம் என்பது அவருடைய முதல் எண்ணம். அனிமேயாகத்தான் செய்யவேண்டும் என்றால் ரோட்டோஸ்கோப், அதாவது நடிகர்களைப் படம்பிடித்து அதன்மேல் வரையும் முறை, என்று அவர் முடிவெடுத்தபோது ஒஷிமியும் அதன் பக்கம் நின்றார். மூல ஆசிரியரை மீறி யாரோ கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு ஆகவே எடுபடாது.

செய்த விதம்

ரோட்டோஸ்கோப் புதுசு இல்லை. மாக்ஸ் ஃபிளைஷர் 1915-ல் உருவாக்கி 1917-ல் காப்புரிமை வாங்கிய முறை. தம்பி டேவைக் கோமாளி உடையில் ஆடவிட்டு, அந்தப் படச்சுருளை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஃபிரேமாக, கண்ணாடியில் விழவைத்து, மேலே காகிதம் வைத்துக் கோடு இழுத்தார். நூறு வருடத்தில் கண்ணாடி போய்க் கணினி வந்ததே தவிர வேலை அதேதான். ஆனால் ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயில் பதிமூன்று எபிசோடும், எல்லாப் பாத்திரமும், முழுக்க இப்படியே என்பது பழக்கமில்லாத காரியம். முதலில் கிர்யூவிலேயே நடிகர்களை வைத்துப் படம்பிடித்தார்கள். அப்புறம் ஓவியர்கள் அதன்மேல் வரைந்தார்கள்.

நகாமுராவுக்குக் குரல் கொடுத்தவர் மரியா இசே. ‘ஹண்டர் எக்ஸ் ஹண்டர்’ 2011 தொடரில் கில்லுவாவின் குரல் அவருடையதுதான். சாயெகியின் குரல் யோகோ ஹிகாசா, ‘கே-ஆன்!’ பார்த்தவர்களுக்கு மியோ. காதுக்குத் தெரிந்த குரல், கண்ணுக்குத் தெரியாத முகம். பார்ப்பவரைக் குழப்பியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, கண் ஏன் இதை ஏற்க மறுக்கிறது? ரோட்டோஸ்கோப் மோசம் என்பதால் இல்லை. நம் கண் அனிமேயின் ஒரு குறிப்பிட்ட சிக்கனத்துக்குப் பழகியிருப்பதால். ஒசாமு தெசுகா 1963-ல் ‘டெட்சுவான் ஆட்டம்’ தொடரை வாரம் ஒன்று வீதம் தொலைக்காட்சிக்குக் கொடுக்க வேண்டியிருந்ததிலிருந்து இந்தச் சிக்கனம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு வினாடிக்கு 24 சட்டம் என்றால் 24 படம் வரைவதில்லை. ஒரே படத்தை மூன்று சட்டத்துக்கு நிறுத்தி எட்டுப் படத்தில் முடிப்பார்கள். பேசும்போது உடம்பு கல் மாதிரி நிற்கும், வாய் மட்டும் திறந்து மூடும். முடி ஆடினால் காற்று, கண் மின்னினால் கண்ணீர். அறுபது வருடமாக இதை நாம் ‘இயல்பு’ என்று வாசித்துக்கொண்டிருக்கிறோம். அசையாமல் நிற்பது அனிமேயில் அமைதி.

‘அக்கு நோ ஹானா’வில் யாருமே அசையாமல் நிற்பதில்லை. நிஜ மனிதன் நிற்க மாட்டான் அல்லவா? மூச்சு விடுகிறான், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறான், கழுத்தைச் சொறிகிறான். அந்த அசைவெல்லாம் கோட்டுக்குள் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஒவ்வொரு படமும் தனியாக வரையப்படுவதால் கோடு ஒரே இடத்தில் நிற்காது, சன்னமாகத் துடிக்கும். அசைவூட்டக்காரர்கள் இதைக் கோடு ‘கொதிக்கிறது’ என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பையனின் கன்னம் கொதித்துக்கொண்டிருந்தால் பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையாமல் என்ன செய்யும்?

டோக்கியோவில் ரோபோ ஆராய்ச்சி செய்த மசாஹிரோ மோரி 1970-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒரு பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடும். கிட்டத்தட்ட மனிதன் ஆகிவிட்ட நிலையில் பிரியம் சட்டென்று பாதாளத்தில் விழுந்துவிடும் என்றார். ‘புகிமி நோ தனி’, பயமூட்டும் பள்ளத்தாக்கு. அசையும் பொருளில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழம் என்றும் சொன்னார். இந்தத் தொடருக்கு அந்தப் பள்ளத்தாக்கையே முகவரியாகக் கொடுக்கலாம்.

தூரத்தில் மறைந்துபோகும் முகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதிகம் கேலிக்கு ஆளானது அதுதான். எந்த அனிமேயை எடுத்து நிறுத்திப் பார்த்தாலும் தூரத்தில் நிற்பவர்களுக்கு முகம் இருக்காது, அல்லது இரண்டு புள்ளி இருக்கும். யாரும் அதைக் குறை சொல்வதில்லை, கவனிப்பதே இல்லை. இங்கே மட்டும் ஏன் உறுத்தியது? உடம்பு நிஜமாக நடந்ததால். நிஜமான நடைக்கு நிஜமான முகத்தைக் கண் தேடுகிறது. தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. வழக்கமான தந்திரம்தான், சுற்றியிருப்பவை மாறியதால் அம்பலமாகிவிட்டது.

எந்தக் குறை நியாயம்

எல்லாமே திட்டமிட்ட கலை என்று வாதாட நான் வரவில்லை. அப்படி வாதாடும் ரசிகர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. சில இடங்களில் முகம் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் வேறு ஆள் மாதிரி இருக்கிறது. சட்டங்களைக் குறைத்ததால் சில அசைவுகள் திக்குகின்றன. பாதி நிஜ வேகம், பாதி அனிமே வேகம் என்று இரண்டுங்கெட்டான். பின்னணியில் கிர்யூவின் தெருக்கள் ஒளிப்படம் போல நுணுக்கமாக இருக்க, முன்னால் நடப்பவர்கள் தட்டையான வண்ணத் துண்டுகளாக, காகிதத்தில் வெட்டி ஒட்டியது போலத் தெரிகிறார்கள். அந்நியத்தனம் என்று ரசிக்கலாம், ஒட்டவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

வேகமும் ஒரு பிரச்சினை. மங்கா தன் தொடக்க அத்தியாயத்திலேயே தாண்டிவிடும் திருட்டுக்கு வந்துசேர அனிமே முதல் எபிசோடையே செலவழிக்கிறது. நான் நிறுத்திய பன்னிரண்டாவது நிமிடம்வரை நடந்தது என்ன? பள்ளிக்குப் போனார்கள், தேர்வுத் தாள் கொடுத்தார்கள், நகாமுரா வாத்தியாரைத் திட்டினாள். அவ்வளவுதான். புது முகத்துக்குப் பழகக் கண்ணுக்கு நேரம் வேண்டும் என்று இயக்குநர் நினைத்திருக்கலாம். ஆனால் பழகும்வரை உட்காரவைக்க ஒரு பிடியும் கொடுக்கவில்லை.

அப்புறம் வாக்குறுதி. ஒஷிமியின் முதல் தொகுதிகளில் பெண்கள் அழகாக, வழக்கமான மங்கா முகத்தோடு இருப்பார்கள். நகாமுராவின் முறைப்புகூடக் கவர்ச்சிதான். (பின்னால் அவருடைய கோடே மாறி, முகங்கள் நிஜத்துக்கு நெருங்கிவிடும். அது அப்போது எல்லாருக்கும் தெரியாது.) அந்த அழகை எதிர்பார்த்து வந்தவர்களுக்குத் திரையில் கிடைத்தது பக்கத்து வீட்டில் எங்கும் பார்க்கக்கூடிய சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள். எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். விசித்திரமாக வரைந்தது ஒரு குற்றம் என்றால், சொன்னதை மாற்றிக் கொடுத்தது பெரிய குற்றம்.

ஒப்பிட ஓர் உதாரணம் அடுத்த வருடமே வந்தது. 2014 ஏப்ரலில் மசாகி யுவாசாவின் ‘பிங் பாங்’, 11 எபிசோட். கோணல்மாணலான கோடு, ஷாட்டுக்கு ஷாட் நீளும் சுருங்கும் கை கால், திரையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சட்டகங்கள். அதையும் சிலர் முதல் வாரம் அசிங்கம் என்றார்கள். ஆனால் கோபம் நிலைக்கவில்லை; சில வாரத்தில் அந்த ஆண்டின் சிறந்தவற்றில் ஒன்று என்ற பேச்சே வந்துவிட்டது. தைய்யோ மட்சுமோட்டோவின் மங்காவே அப்படிக் கோணலானதுதான், யுவாசா அதே கோணலை ஓடவிட்டார். வாசகர் எதிர்பார்த்த விசித்திரம் அது. மேலும் யுவாசாவின் கோடு நிஜத்திலிருந்து விலகிப் போகிறது. பள்ளத்தாக்கின் பக்கமே வருவதில்லை. நகஹாமாவின் கோடு நிஜத்தை நோக்கி வந்து நடுவழியில் நின்றுவிடுகிறது.

இரண்டாம் முறை

மூன்று வருடம் கழித்து, காய்ச்சலில் படுத்திருந்தபோது, வேறு எதுவும் பார்க்கப் பிடிக்காமல் இதை மறுபடி போட்டேன். முதல் எபிசோட் அப்போதும் அசிங்கமாகத்தான் இருந்தது. மூன்றாவது எபிசோடில் எங்கேயோ மூக்கு காணாமல் போயிற்று. மூக்கு அங்கேயேதான் இருந்தது, நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த முறை ஏன் என்பது விளங்கத் தொடங்கியது. கசுகாவின் வியாதியே மற்றவர்களை அழகான படமாக மாற்றிவைத்துக்கொள்வது. சாயெகி அவனுக்கு மனுஷி இல்லை, கவிதைப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தவள். வழக்கமான அனிமே முகத்தோடு அவளை வரைந்திருந்தால் நாமும் அவன் கண்ணாலேயே பார்த்திருப்போம், அவன் வியாதி நமக்கும் தொற்றியிருக்கும். இந்த வடிவத்தில் அவள் வெறும் ஒரு பெண். வெயிலில் கண்ணைச் சுருக்குகிறாள், தயங்கித் தயங்கிப் பேசுகிறாள். அவன் சொல்வதற்கும் நாம் பார்ப்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிடுகிறது. மங்காவிலும் அந்த இடைவெளி உண்டு; சொல்லால் உண்டு. இங்கே கண்ணால்.

ஐந்தாவது எபிசோடில் சாயெகியோடு வெளியே போகும் கசுகா, நகாமுராவின் கட்டளைப்படி தன் சட்டைக்குள் அந்தத் திருட்டு உடையைப் போட்டுக்கொண்டு போகிறான். கதைச் சுருக்கமாகச் சொன்னால் நகைச்சுவை மாதிரி இருக்கும், மங்காவிலும் ஓரளவு அப்படி வாசிக்கலாம். இங்கே அவன் நடக்கும் விதம், தோளைக் குறுக்கிக்கொண்டு, துணி உரசுவது வெளியே கேட்டுவிடுமோ என்று கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நடப்பது, யாரோ ஒரு நடிகர் நிஜமாக நடந்து காட்டியது. கற்பனையாக வரைந்து அந்தக் கூச்சத்தைக் கொண்டுவருவது கஷ்டம்.

ஏழாவது எபிசோட்தான் பலரைத் திருப்பிக் கொண்டுவந்தது. இரவில் இருவரும் வகுப்பறைக்குள் புகுந்து, கரும்பலகையையும் மேசைகளையும் சுவரையும் மையாலும் வண்ணத்தாலும் நாசம் செய்கிறார்கள். அதுவரை குறுகிக் குறுகி நடந்த உடம்புகள் முதல் தடவையாக விரிகின்றன. அதே கொதிக்கும் கோடு, அதே திக்கும் அசைவு, ஆனால் இப்போது அது பரவசம். அதுவரை போட்ட கஞ்சத்தனமெல்லாம் இந்தச் சில நிமிடத்துக்காகச் சேர்த்துவைத்தது போலிருக்கிறது.

எட்டாவது எபிசோடின் தொடக்கத்தில் இருவரும் விடியற்காலை வெளிச்சத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வீடு திரும்புகிறார்கள். நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நிமிடக்கணக்கில் நடக்கிறார்கள். பேச்சு இல்லை. தொலைக்காட்சி அனிமேயில் நடையை வரைவது செலவு; முடிந்தால் இடுப்புக்கு மேல் காட்டி ஒப்பேற்றிவிடுவார்கள். இவர்கள் முழு உடம்பையும் காட்டி, ஊரின் ஒவ்வொரு தெருவையும் கடக்கவைத்தார்கள். முதல் எபிசோடில் என்னை விரட்டிய அதே நடை. தூரத்தில் முகம் இல்லாமல் போவதும் அதேதான்.

இறுதிப் பாடலைச் சொல்லாமல் விட முடியாது. ஆசா-சாங் அண்ட் ஜுன்ரேய் குழு 2001-ல் வெளியிட்ட ‘ஹானா’ என்ற பாடலின் புது வடிவம் அது. குரல் அசை அசையாக வெட்டப்பட்டு, ‘பூ பூத்துவிட்டது’ என்று ஏதோ எந்திரம் மூச்சுவாங்குவது போல வரும். மூலப் பாடலில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு தபலாத் தட்டு. நம் கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த உத்தி அந்நியம் இல்லை. ஆனால் அங்கே வரும் குதூகலத்துக்குப் பதிலாக இங்கே முதுகுத்தண்டு சில்லிடும். மனிதக் குரலை எடுத்து, துண்டு துண்டாக்கி, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். படத்துக்குச் செய்ததையே பாட்டுக்கும் செய்தது மாதிரி. முதல் நாள் முதல் எபிசோடை வெறுத்தவர்களில்கூடச் சிலர் இந்தப் பாட்டை மட்டும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு

வட்டு விற்பனை படுத்துவிட்டது. இரண்டாம் பாகம் வரவில்லை. கதையின் பிற்பகுதி, பல வருடம் தாண்டி சைதாமாவில் நடப்பது, அனிமேயில் இல்லவே இல்லை. 2019-ல் நோபோரு இகுச்சி இயக்கத்தில் இதே மங்கா நடிகர்களோடு திரைப்படமானது. நகஹாமாவின் முதல் எண்ணம் ஒருவழியாக வேறொருவர் கையில் நடந்தேறியது.

ரோட்டோஸ்கோப் மட்டும் சாகவில்லை. ஷுன்ஜி இவாய் 2015-ல் தன் ஹானா, ஆலிஸ் என்ற இரண்டு பெண்களின் முன்கதையை அந்த முறையையும் கணினி வரைகலையையும் கலந்து செய்தார். கென்ஜி இவாய்சாவா ஏழு வருடத்துக்கு மேல் உழைத்து, சுமார் 40,000 படங்களைக் கையால் வரைந்து, 2019-ல் ‘ஓங்காக்கு’வை வெளியிட்டார். இசையே தெரியாத மூன்று முரடர்கள் ராக் இசைக்குழு தொடங்கும் கதை. அதை யாரும் பள்ளத்தாக்கு என்று சொல்லவில்லை, ஏனென்றால் அசைவு நிஜம், முகமோ முட்டையில் கண் வரைந்தது போல அத்தனை எளிது. அவரே 2025-ல் ஓட்டப்பந்தய வீரர்களின் கதையான ‘ஹியாகுஎமு’வையும் ரோட்டோஸ்கோப்பில் செய்தார். அதில் மூச்சிரைப்பதும் தொடை அதிர்வதும் பார்ப்பவருக்குப் பரிசு. உடம்பின் எடை என்ற ஒரே விஷயம் ஓட்டக்காரனிடம் அழகு, கசுகாவிடம் அவமானம்.

பதிமூன்றாவது, கடைசி எபிசோடில் கசுகா நகாமுராவின் அறைக்குள் போய் அவள் நோட்டைத் திறந்து வாசிக்கிறான். பின்னால், இனி நடக்கப்போவதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வரிசையாக வெட்டி வெட்டிக் காட்டப்படுகிறது. வராத இரண்டாம் பாகத்தின் துண்டுகள். செய்முறையை நினைத்துப் பார்த்தால், அந்த அரை வினாடிகளுக்காகவும் யாரோ ஒருவர் கேமரா முன்னால் நின்று நடித்திருக்க வேண்டும், இன்னொருவர் அதன்மேல் உட்கார்ந்து கோடு இழுத்திருக்க வேண்டும். அந்த இடத்தை நான் ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு சட்டத்தில் கசுகா நமக்கு நேராகத் திரும்புகிறான். மூக்குக்குப் பக்கத்தில் அதே நிழல்.